மகரந்தமில்லா மரம்

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் வெப்பமண்டலத் தாவரங்களின் மகரந்தத்தைக் கண்ணாடித் தகடுகளில் பதித்துக் காத்து வருகிறார்கள். மொத்தம் 20,000-க்கும் மேல். ஆனால் மகரந்தமே இல்லாத மரத்தை வளர்க்கும் வேலை நடப்பது ஜப்பானில்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டையாகிப்போன மலைகளில் ஜப்பானியர் சுகி என்ற ஊசியிலை மரத்தை நட்டார்கள். நட்டு வளர்த்த சுகிக் காடே இப்போது சுமார் 44 லட்சம் ஹெக்டேர். காற்றில் மகரந்தம் தூவும் மரம் இது. காது மூக்கு தொண்டை மருத்துவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் 2019-ல் எடுத்த கணக்கெடுப்பில், 100-க்கு 39 பேருக்கு இதன் ஒவ்வாமை இருந்தது.

1992-ல் தொயாமா பகுதியில், ஆண்பூ இருந்தும் மகரந்தம் உண்டாகாத ஒரு சுகி கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு மரபணுவில் உள்ள குறைதான் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்தால்தான் அது வெளிப்படும். அந்த மரம் தாயாகி விதை தரும், தந்தையாக முடியாது. ஆகவே அந்த மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் குறையைச் சுமக்கும் நல்ல மரம் ஒன்று தந்தையாக வேண்டும். அப்போதும் நாற்றில் ஏறத்தாழ பாதிதான் மகரந்தமற்றது.

இதனால்தான் விதைத்தோட்டத்தைக் கூரைக்குள் கொண்டுபோகிறார்கள். வெளிக்காட்டு மகரந்தம் ஒரு துளி நுழைந்தாலும் அதிலிருந்து பிறக்கும் கன்று அநேகமாக மகரந்தம் தூவும் மரமாகவே இருக்கும். மூடிய குடிலில் குட்டை மரங்களை வைத்து, ஜிப்பரெல்லின் என்ற தாவர ஹார்மோனைத் தெளித்துச் சீக்கிரமே பூக்கவைத்து, தேர்ந்த தந்தையின் மகரந்தத்தை மட்டும் சேர்க்கிறார்கள். பிறகு நாற்றுகளையும் அப்படியே பூக்கவைத்து ஆண்பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மரபணுச் சோதனை வந்தபின் மகரந்தமற்ற நாற்றை இலையை வைத்தே இனம்காணலாம். பொறுமையான வேலை, ஆனால் நோயை மரத்திலேயே தடுக்கும் வேலை. எனக்கு இது மிகப் பெரிதாகப் படுகிறது.

நம் கரையோரச் சவுக்கும் காற்றில் மகரந்தம் விடும் மரம்தான், ஊசியிலை மரம் அல்ல என்றாலும். அதன் மகரந்தமும் சிலருக்கு ஒவ்வாது. சவுக்கில் ஆண், பெண் மரங்கள் பெரும்பாலும் தனித்தனி. கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் தேர்ந்த சவுக்கு ரகங்களைக் குளோன் நாற்றாக வெளியிட்டிருக்கிறது. குடியிருப்பை ஒட்டி நடுவதற்குப் பெண் மரத்தின் குளோனை மட்டும் தேர்ந்தால், அந்த மரங்களிலிருந்து மகரந்தம் எழாது.