பைக் இன்ஜினிலும் சிலிக்கான்!

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் இருந்து, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியுள்ள வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செகண்ட் ஹேண்டில் 2009ஆம் வருட யமஹா ஆர்15 வாங்கினேன். புகை விடுகிறது. டிரில்லிங் மெஷினில் ஹோனிங் கல்லை மாட்டி, வீட்டிலேயே சிலிண்டரைத் தேய்க்கலாம் என்று இன்டர்நெட்டில் வீடியோ பார்த்தேன். செய்யலாமா?"

செய்யாதீர்கள். காரணம், உங்கள் கம்ப்யூட்டர் சிப்பில் உள்ள அதே சிலிக்கான்தான்.

பெரும்பாலான பைக்குகளில் அலுமினிய சிலிண்டருக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் இருக்கும். அதைத் தேய்க்கலாம், ரீபோர் செய்யலாம். 2008ல் இந்தியாவில் அறிமுகமான ஆர்15ல் ஸ்லீவ் கிடையாது. 'டயாசில்' எனப்படும், சுமார் 20 சதவீதம் சிலிக்கான் கலந்த அலுமினியத்தின் மீதே ரிங்குகள் ஓடுகின்றன.

சிலிக்கான் அளவு 12 சதவீதத்தை நன்கு தாண்டினால், அது அலுமினியத்துக்குள் தனித்தனிப் படிகங்களாக நிற்கும். தார் ரோட்டில் ஜல்லி துருத்தி நிற்பதை நினைத்துக் கொள்ளுங்கள். டயர் ஜல்லி மேல் ஓடுவது போல ரிங் சிலிக்கான் மேல் ஓடும். பள்ளத்தில் ஆயில் தங்கும். இந்த மேடுபள்ளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சாதாரணக் கல் படிகங்களை உடைத்து, மெத்தென்ற அலுமினியத்தை அவற்றின் மேல் இழுத்துப் பூசிவிடும். பிறகு ரிங் அலுமினியத்தில் உரசும், இன்ஜின் சீஸ் ஆகும்.

இதற்கென்று உள்ள முறையில், படிகம் உடையாமல் ஹோனிங் செய்த பின், பெல்ட் துணிப் பட்டையில் லேப்பிங் பேஸ்ட் தடவித் தேய்த்து, அலுமினியத்தை மட்டும் சிறிது இறக்குவார்கள். கை டிரில்லில் இது வராது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை மட்டும் அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு அரித்தது என்று வீட்டில் அளக்க வழியில்லை, கையும் வெந்துபோகும்.

அமெரிக்காவில் 1970ல் வந்த செவர்லே வேகா காரில் 17 சதவீத சிலிக்கான் பிளாக். சூடேறி சிலிண்டர்கள் கீறல் விழுந்து கார் பெயரைக் கெடுத்துக் கொண்டது. ஏறக்குறைய அதே உலோகம் 1977ல் வந்த போர்ஷே 928ல் நன்றாகவே உழைத்தது. ஆக, உங்கள் பைக்கின் ரேடியேட்டரையும் பாருங்கள்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வேலை. லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில், முன்-பின், இட-வலம் என ஆறு அளவுகள் எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸெல்லில் ஆறு செல்களில் டைப் செய்யுங்கள். ஆட்டோசம் பட்டனுக்கு அருகில் உள்ள சிறிய அம்புக்குறியை கிளிக் செய்தால் மேக்ஸ், மின் கிடைக்கும். மேக்ஸில் இருந்து மின்னைக் கழியுங்கள். புது சிலிண்டரின் போர் 57 மில்லிமீட்டர். தேய்மானம் சர்வீஸ் மேனுவல் தரும் எல்லைக்குள் இருந்தால் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். தாண்டியிருந்தால் சிலிண்டர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாக மாற்ற வேண்டும். செலவுதான், வேறு வழியில்லை.

அதற்கு முன் ஒன்று: காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல்தான் காரணம். அது குறைந்த செலவில் முடியும். எக்ஸெல் பைலை மறக்காமல் சேவ் செய்து, ஓடிய கிலோமீட்டரையும் அதிலேயே எழுதி வையுங்கள்.