நாம்சேயில் ஏன் இரண்டு இரவு?

நேபாளத்தின் ஐலண்ட் பீக் 6,189 மீட்டர் உயரம். ஏறப்போகும் குழுவை வழிகாட்டி வழியிலேயே, 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சே பஜாரில் இரண்டு இரவு தங்க வைப்பார். கால் வலிகூட இல்லையே, எதற்கு இந்தத் தாமதம்?

உயரத்தில் ஆக்சிஜனின் விகிதம் குறைவதில்லை. அங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஈடுகட்ட உடல் வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. சிக்கலே அதில்தான். கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறி, ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. கூடாரத்தில் பக்கத்தில் தூங்குபவரின் மூச்சு சில விநாடி நின்று, பிறகு பெருமூச்சோடு திரும்புவது இதனால்தான். முதல்முறை கேட்பவருக்குத் தூக்கம் போய்விடும்!

இதைச் சரிசெய்வது சிறுநீரகம். பைகார்பனேட்டைச் சிறுநீரில் தள்ளிக் காரத்தைக் குறைக்கிறது. அதற்குச் சில நாள் பிடிக்கும். உறைபனி இரவில் அடிக்கடி வெளியே போக வேண்டியிருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், உடல் பழகுகிறது. டயமாக்ஸ் மாத்திரை செய்வதும் இதே வேலைதான், சற்று விரைவாக.

3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொது விதி. தலைவலியோடு வாந்தியும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தடுமாறினால், நள்ளிரவானாலும் சரி, உடனே கீழே இறங்குங்கள்.