ஜெயித்துக்கொண்டிருந்த ஸ்லாக் ஏன் விலைபோனது? 2,770 கோடி டாலர் டீலின் பின்கதை

புதிதாக டீமில் சேர்ந்தவர் கேட்கிறார்: “இந்த கிளையன்ட்டுக்கு ஏன் இவ்ளோ டிஸ்கவுன்ட் கொடுத்தோம்?” டீம் லீட் அசால்ட்டாகச் சொல்கிறார்: “போன வருஷமே பேசி முடிச்சது. ஸ்லாக்ல தேடிப் பாருங்க.” தேடினால் ஒன்றுமே வருவதில்லை. 90 நாளுக்கு முந்தைய மெசேஜ் எல்லாம் மறைந்துபோயிருக்கிறது. பணம் கட்டினால் காட்டுகிறோம் என்கிறது திரை.

இலவச பிளானில் ஸ்லாக் பயன்படுத்தும் சின்ன நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பரில் இருந்து இதுதான் நிலைமை. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. அதற்கு முன்பே ஸ்லாக்கின் முதலாளி மாறியிருந்தார்.

கேமில் தோற்று, ஆபீஸில் ஜெயித்தவர்

ஸ்லாக்கை உருவாக்கிய ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டுக்கு ஒரு விசித்திரமான ராசி. அவர் ஆன்லைன் கேம் செய்யப் போவார். கேம் ஓடாது. ஆனால் அதற்காக வழியில் செய்துவைத்த வேறு ஏதோ ஒன்று பிய்த்துக்கொண்டு ஓடும். முதல் முறை அப்படி வந்தது ஃபிளிக்கர். 2005-ல் அதை யாஹூ வாங்கியது. அடுத்து ‘கிளிட்ச்’ என்ற கேம். 2012 டிசம்பரில் அதற்கும் மூடுவிழா. வேறு வேறு ஊர்களில் இருந்த அந்த டீம், தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு சாட் கருவியை ஒட்டுப்போட்டு வைத்திருந்தது. அதைத்தான் மெருகேற்றி 2014 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

ஸ்லாக் என்ற பெயருக்கு ஒரு விரிவாக்கம் உண்டு. ‘எல்லா உரையாடலையும் அறிவையும் தேடி எடுக்கக்கூடிய பதிவேடு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. இந்தப் ‘பதிவேடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியாணியும் பச்சடியும்

2016 நவம்பர் 2. மைக்ரோசாஃப்ட், டீம்ஸை அறிமுகப்படுத்திய நாள். அன்றைய நியூயார்க் டைம்ஸில் ஸ்லாக் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட்டுக்கு எழுதிய கடிதம் போல இருந்த அந்த விளம்பரம், போட்டிக்கு வரவேற்பு சொன்னது; கூடவே கொஞ்சம் அட்வைஸும் செய்தது. அப்போது கெத்தாகத்தான் தெரிந்தது. இப்போது படித்தால் லேசான பதற்றமும் தெரிகிறது.

டீம்ஸ் ஸ்லாக்கைவிட நல்ல ஆப்பா என்பதல்ல பிரச்னை. விலைதான் பிரச்னை. 500 பேர் வேலை பார்க்கும் ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். ஸ்லாக்கின் அன்றைய ஆரம்ப கட்டண பிளான், வருடாந்திர சந்தாவில் ஒருவருக்கு மாதம் 6.67 டாலர். வருடத்துக்கு 40,000 டாலர் சொச்சம். வேர்டு, எக்செல், அவுட்லுக்குக்காக அதே கம்பெனி ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கும். அதற்குள்ளேயே டீம்ஸ் வந்துவிடுகிறது. தனியாக ஒரு டாலர் கூடக் கிடையாது. பிரியாணி வாங்கினால் வெங்காயப் பச்சடி ஃப்ரீ என்கிற கடைக்குப் பக்கத்தில், பச்சடி மட்டும் விற்கிற கடை போட்டால் என்ன ஆகும்? பச்சடி எவ்வளவு ருசியாக இருந்தாலும் கல்லா நிறையாது.

எண்களே அதைச் சொல்லின. தினமும் 1.2 கோடிப் பேர் பயன்படுத்துவதாக 2019 அக்டோபரில் ஸ்லாக் சொன்னது. அடுத்த மாதமே டீம்ஸ் கணக்கு 2 கோடி. பிறகு கொரோனா வந்தது, உலகமே வீட்டிலிருந்து வேலை பார்த்தது. 2020 ஏப்ரலில் டீம்ஸ் 7.5 கோடி, அக்டோபரில் 11.5 கோடி. அலுவலக சாட் ஆப்புக்கு இதைவிடப் பொற்காலம் வராது. ஆனாலும் 2019 ஜூனில் பங்குச்சந்தைக்கு வந்த முதல் நாளில் 38.62 டாலரில் முடிந்த ஸ்லாக் பங்கு, 2020 நவம்பரில் 30 டாலருக்குக் கீழே கிடந்தது. இலவசமாகச் சேர்த்துக் கொடுப்பது நியாயமற்ற போட்டி என்று 2020 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் ஸ்லாக் புகார் கொடுத்தது. ஆனால் புகார் விசாரணைக்கு வரும்வரை காத்திருக்க அவகாசம் இல்லை.

சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கு என்ன?

2020 டிசம்பர் 1 அன்று அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு ஸ்லாக் பங்குக்கும் 26.79 டாலர் ரொக்கம், கூடவே சேல்ஸ்ஃபோர்ஸ் பங்கில் 0.0776 பங்கு. மொத்த மதிப்பு சுமார் 2,770 கோடி டாலர். சேல்ஸ்ஃபோர்ஸின் முந்தைய நிதியாண்டு வருமானமே 1,710 கோடி டாலர்தான். ஸ்லாக்கின் வருமானமோ 63 கோடி டாலர். அதிலும் 57 கோடி டாலர் நஷ்டம். அதாவது ஒரு வருட வருமானத்தைப் போல 40 மடங்குக்கு மேல் விலை. மறுநாள் சேல்ஸ்ஃபோர்ஸ் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் சரிந்ததில் ஆச்சரியம் இல்லை.

அப்புறம் ஏன் வாங்கினார் மார்க் பெனியாஃப்? வாடிக்கையாளர் யார், எந்த டீல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் மென்பொருள்தான் 1999-ல் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸின் அடித்தளம். விற்பனைப் பிரிவு ஊழியர் விவரத்தைப் பதிவார், மூடிவிட்டுப் போவார். யாரும் ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கும் இடமல்ல அது. சாட் ஆப் அப்படியில்லை. காலையில் திறந்தால் ராத்திரி வரை திறந்தே இருக்கும். 2010-லேயே ‘சாட்டர்’ என்று சொந்தமாக ஒன்றைச் செய்து பார்த்தார்கள், பெரிதாக எடுபடவில்லை. செய்ய முடியாததைக் காசு கொடுத்து வாங்கினார்கள். மியூல்சாஃப்ட், டேப்லோ என்று பெரிய தொகைக்கு வாங்கிப் பழகிய கம்பெனிதானே!

அமெரிக்க நீதித்துறை கூடுதல் விவரங்கள் கேட்டுத் துருவிய பிறகு, 2021 ஜூலை 21 அன்று டீல் முடிந்தது.

பிறகு நடந்தவை

வாங்கி ஒன்றரை வருடத்துக்குள், 2022 டிசம்பரில், பட்டர்ஃபீல்டு விலகுவதாக அறிவித்தார். அதற்குச் சில நாள் முன்புதான் பெனியாஃபுடன் இணைத் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பிரெட் டெய்லரும் விலகலை அறிவித்திருந்தார். 2023 ஜனவரியில் சேல்ஸ்ஃபோர்ஸ் சுமார் 10 சதவீத ஊழியர்களைக் குறைத்தது. பெரிய டீல்களைப் பார்த்து எரிச்சலான முதலீட்டாளர்கள் நெருக்க, நிறுவனங்களை வாங்குவதற்கென்று இருந்த இயக்குநர் குழுவின் கமிட்டியே மார்ச்சில் கலைக்கப்பட்டது.

பயனாளர்கள் பக்கம் மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. 2022 செப்டம்பரில் அந்த 6.67 டாலர் 7.25 ஆனது. இலவச பிளானில் கடைசி 10,000 மெசேஜ் என்றிருந்த வரம்பு 90 நாள் என்று மாறியது. இதை அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நாளெல்லாம் சாட் செய்கிற டீமுக்கு இது லாபம்கூட. அடிபட்டது, அளந்து பேசும் சின்ன டீம்களும் தன்னார்வக் குழுக்களும்தான். அவர்களுக்கு 10,000 மெசேஜ் என்பது சில வருடங்களின் வரலாறு. 2024 ஆகஸ்டில் அடுத்த படி: இலவசக் கணக்குகளில் ஒரு வருடத்துக்கு மேல் பழைய மெசேஜ்கள் நிரந்தரமாக அழிக்கப்படத் தொடங்கின. அதற்குப் பிறகு பணம் கட்டினாலும் வராது.

2025 மே மாதம் நடந்ததுதான் இந்த டீலின் உண்மையான மதிப்பைக் காட்டியது. மற்ற நிறுவனங்களின் மென்பொருள்கள் ஸ்லாக் மெசேஜ்களை மொத்தமாக எடுத்து, தங்களிடம் சேமித்து வைத்துக்கொள்ளத் தடை வந்தது. தரவுப் பாதுகாப்புக்காக என்றது நிறுவனம். ஆனால் ஆபீஸ் தகவல்களைத் தேடித் தரும் ஏஐ கருவிகளை விற்கும் கிளீன் போன்ற போட்டியாளர்களுக்கு நேரடி அடி. சேல்ஸ்ஃபோர்ஸும் அதே சந்தையில்தான் ஏஐ விற்கிறது. ஒரு கம்பெனியில் யார் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்பதெல்லாம் சாட்டில்தான் கிடக்கிறது. 2020-ல் சாட் ஆப்புக்கு இவ்வளவா என்று சிரித்தார்கள். கைமாறியது பதிவேடு. எழுதியது ஊழியர்கள், அதை யார் எந்த மென்பொருளால் படிக்கலாம் என்று முடிவு செய்வது சேல்ஸ்ஃபோர்ஸ்.

அந்த ஐரோப்பியப் புகார் என்ன ஆனது என்றால், அதில் ஸ்லாக்குக்குச் சாதகமாகவே முடிவு வந்தது. 2023-ல் ஐரோப்பாவிலும், 2024 ஏப்ரலில் உலகம் முழுக்கவும் டீம்ஸை ஆபீஸ் தொகுப்பில் இருந்து பிரித்து விற்க ஆரம்பித்தது மைக்ரோசாஃப்ட். டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலைக்குத் தருவதாக அது கொடுத்த உறுதிமொழிகளை ஐரோப்பிய ஆணையம் 2025 செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. புகார் கொடுத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஸ்லாக் கைமாறி நாலு வருடம். அதன் நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் மூன்றாவது சிஇஓ.