சேமித்த விதையும் கசந்த சுரைக்காயும்

எங்கள் வீட்டு மாடியில் பெரியகுளம் 1 ரகத் தக்காளியையும், கோலிக்குண்டு அளவில் காய்க்கும் செர்ரித் தக்காளியையும் அடுத்தடுத்த தொட்டிகளில் வைத்திருந்தோம். பெரிய தக்காளியில் நன்கு பழுத்த ஒன்றைத் தேர்ந்து விதை எடுத்தோம். அடுத்த பருவத்தில் முளைத்த ஏழு செடிகளில் ஆறு தாயைப் போலவே காய்த்தன. ஏழாவது செடி மட்டும் நெல்லிக்காயைவிடச் சற்றே பெரிய பழங்களைக் கொத்துக் கொத்தாகத் தந்தது. விதைகளை மாற்றி எடுத்துவிட்டோமோ என்று முதலில் ஐயுற்றோம். அப்படியன்று; பக்கத்துத் தொட்டியின் மகரந்தம் செய்த வேலை அது.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நின்று சூல்முடியை மூடியிருக்கின்றன. ஆயினும் சில ரகங்களில் சூல்முடி கூம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கும் வண்டுத் தேனீக்கள் அங்கே வந்தால் கலப்பு நேர்ந்துவிடும். எங்களுக்கு அதனால் நட்டம் ஏதுமில்லை. புதிய பழம் சற்றே புளித்தது. ரசத்துக்கு நன்றாகவே இருந்தது.

வயிறு, குடல் நோய்களைப் பார்க்கும் நாங்கள் தோட்டத்தைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் தக்காளி அன்று, சுரைக்காய்.

அறுபதைக் கடந்த அம்மையார் ஒருவரை ஒரு நாள் காலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். (அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறோம்.) அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் சுரைக்காய்ச் சாறு குடித்திருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் வயிற்றை முறுக்கும் வலி, அடுக்கடுக்காக வாந்தி, வயிற்றுப்போக்கு. வரும் வழியில் எடுத்த வாந்தியில் இரத்தம் இருந்தது. இரத்த அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்திருந்தது. நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி நிலைப்படுத்தியபின் உள்நோக்கிக் கருவியால் பார்த்தபோது, இரைப்பையின் உட்சுவர் சிவந்து, பல இடங்களில் அரிக்கப்பட்டுக் கசிந்துகொண்டிருந்தது.

"வெளியில் எதுவும் சாப்பிடவில்லை டாக்டர். எங்கள் வீட்டில் காய்த்த காய்தான்" என்றார் மகன். அம்மையார் அதை இன்னும் வற்புறுத்திச் சொன்னார்: "போன வருஷம் அந்தக் கொடியில்தான் விதை எடுத்து வைத்தேன். அது கசந்ததே இல்லை. இது கொஞ்சம் கசந்தது. ஒரு துண்டு பாகற்காயும் போட்டு அரைத்திருந்தேன். அதன் கசப்பு என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டேன்."

அவருடைய நம்பிக்கை இயல்பானதே. ஆனால் தவறு அங்கேதான் ஒளிந்திருந்தது. ஒரு பூவில் எந்த மகரந்தம் விழுந்தாலும், அந்தக் காயின் சதை தாய்க் கொடியின் சதையே. அதன் சுவை மாறாது. தந்தையின் பங்கு விதைக்குள் மட்டுமே இருக்கும். ஆகவே, கலப்பு நேர்ந்த ஆண்டில் காய் எப்போதும்போல் இனிக்கும். அதன் விதையை ஊன்றி, அடுத்த ஆண்டு புதுக்கொடி காய்க்கும்போதுதான் கலப்பு வெளிப்படும். சென்ற ஆண்டுக் காய் கசக்கவில்லை என்பது இந்த ஆண்டுக் காய்க்குச் சான்றாகாது.

சுரை, தக்காளியைப்போல் தன்னுள் அடங்கிய பூவும் அன்று. ஆண் பூ தனியாகவும் பெண் பூ தனியாகவும் மலர்கின்றன. மாலையில் விரியும் அந்த வெண்ணிறப் பூக்களைத் தேடி அந்துப்பூச்சிகள் வருகின்றன. அவற்றுக்கு நம் வீட்டு மதில் ஒரு தடையன்று. அம்மையாரின் பக்கத்து மனையில், வேலியின்மேல் பேய்ச்சுரை ஒன்று படர்ந்திருந்ததை மகன் பிறகு பார்த்துவந்து சொன்னார். அதுவே காரணம் என்று எங்களால் உறுதி கூற இயலாது, ஆனால் வியப்படையவில்லை. சுரையும் பேய்ச்சுரையும் ஒரே இனம். அவை கலந்தால் பிறக்கும் கொடியில் கசப்பின் பண்பே பெரும்பாலும் ஓங்கி நிற்கும். பாகற்கொடி பக்கத்தில் படர்ந்ததால்தான் சுரைக்காய் கசந்தது என்று ஊரில் சொல்வதுண்டு. அது சரியன்று, பாகலும் சுரையும் வெவ்வேறு இனங்கள், அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை.

கசப்புக்குக் காரணமான பொருளின் பெயர் குக்கர்பிடாசின். பூசணிக் குடும்பத்துச் செடிகள் தம்மைத் தின்ன வரும் உயிர்களைத் தடுக்க உண்டாக்கிக்கொள்ளும் தற்காப்பு அது. காட்டில் இவை கசப்பாகவே இருந்தன. கசக்காத காயின் விதையையே தேர்ந்து தேர்ந்து பல தலைமுறை உழவர்கள் ஊன்றியதால் நமக்கு இன்றைய சுரைக்காய் கிடைத்தது. தற்செயலான ஒரு கலப்பு அந்த உழைப்பை ஒரே பருவத்தில் பின்னோக்கி இழுத்துவிடக்கூடும். கடும் வறட்சியும் வெப்பமும் கசப்பை மேலும் கூட்டும். வேகவைத்தாலும் இப்பொருள் அழிவதில்லை. உப்பு, புளி, வெல்லம் ஆகியவை நாவை ஏமாற்றும், குடலை ஏமாற்றா.

இது அரிதான நஞ்சேற்றம்தான். ஆயினும் உயிரைப் பறித்ததுண்டு. 2010-ஆம் ஆண்டு தில்லியில் அறிவியலாளர் ஒருவரும் அவர் மனைவியும் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்தனர். கணவர் இறந்தார், மனைவி பிழைத்தார். இதன் பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வல்லுநர் குழு இத்தகைய நேர்வுகளை ஆராய்ந்தது. அதன் அறிக்கை 2012-இல் வெளியாயிற்று. ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 2015-இல் 79 வயது முதியவர் ஒருவர் வீட்டுத் தோட்டத்துச் சுக்கினிக் காயைச் சமைத்து உண்டபின் உயிரிழந்தார். சுக்கினியும் பூசணிக் குடும்பத்துக் காயே. அங்கே அது பச்சைச் சாறாக அருந்தப்படவில்லை. வெந்த உணவாகவே உண்ணப்பட்டது.

இருப்பினும், எங்கள் அச்சம் கூட்டையும் குழம்பையும்விடச் சாற்றைப் பற்றியதே மிகுதி. கூட்டு கசந்தால் எவரும் இரண்டாவது கவளத்தில் தட்டை ஒதுக்கிவிடுவர். சாற்றையோ மருந்தென்று கருதி, கசந்தாலும் ஒரே மூச்சில் குடித்துவிடுகிறோம். கசப்பு உடம்புக்கு நல்லது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு. நாம் உண்ணும் அளவில் அது தீங்கு செய்வதில்லை. சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, பூசணி ஆகியவை கடுமையாகக் கசந்தால் அது இயல்பன்று. பேய்ப்பீர்க்கு என்று முன்னோர் தனிப்பெயர் வைத்ததும் காரணத்தோடுதான்.

ஆதலால், சமைக்கும் முன் காம்புப் பக்கத்தில் ஒரு சிறு துண்டை நறுக்கி நுனிநாவில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசந்த பகுதியை மட்டும் சீவி எடுப்பது போதாது. ஒவ்வொரு காயையும் இவ்வாறே பாருங்கள். சாறு அருந்தியே தீருவேன் என்பவர்கள் (நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை, சமைத்த சுரைக்காயே போதும்) அதில் பாகற்காயையோ வேறெதையுமோ சேர்க்காதீர்கள், சேர்த்தால் எதன் கசப்பு எதுவென்று தெரியாமற்போகும். முதியோருக்கும், கீமோதெரபி பெறுவோருக்கும், தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றோருக்கும் நாவின் சுவை மங்கியிருக்கக்கூடும். அவர்களுக்காக வீட்டில் வேறொருவர் சுவைத்துப் பார்க்கட்டும்.

கசந்த காயை உண்டபின் வயிற்றுவலியோ வாந்தியோ தொடங்கினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டா. வலிந்து வாந்தி எடுக்கவும் வேண்டா. இதற்கு முறிமருந்து இல்லை. திரவம் ஏற்றுவதும், இரைப்பை அமிலத்தைக் குறைப்பதும், இரத்தக் கசிவைக் கவனிப்பதுமே சிகிச்சை. உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுகின்றனர். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உட்கொள்வோர், வாந்தி நிற்காத நிலையில் அடுத்த வேளை மாத்திரையைப் போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். மீதமுள்ள காய் இருந்தால் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று நாங்கள் கேட்கும்போது பலருக்கும் சுரைக்காய் நினைவுக்கே வருவதில்லை.

விதை சேமிப்பதை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் கூறவில்லை. தக்காளி விதையைத் தாராளமாக எடுங்கள்: கூழோடு சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தினால் போதும். வீரிய ஒட்டு ரகமாயின் பிள்ளைகள் தாயை ஒத்திரா, அவ்வளவே. சுரை விதையை வைத்துக்கொள்ள விரும்பினால், மறுநாள் விரியும் நிலையிலுள்ள ஆண், பெண் மொட்டுகளை நூலால் கட்டிவைத்து, மறுநாள் மாலையில் அவிழ்த்து, மகரந்தத்தை நீங்களே தொட்டுவைத்து, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள். அந்தக் காயை மட்டும் அடையாளமிட்டு விதைக்கென்று முற்றவிடலாம். இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் ஆண்டுதோறும் நம்பகமான இடத்தில் புது விதை வாங்குவதே நன்று. குப்பைமேட்டில் தானாக முளைத்த கொடியின் காயை உண்ணாதீர்கள்.

அம்மையார் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது, கொடியை வேரோடு பிடுங்கிவிட்டதாகவும், டப்பாவிலிருந்த சுரை விதைகளை அடுப்பில் போட்டுவிட்டதாகவும் கூறினார். அதே டப்பாவில் தக்காளி விதையும் கத்தரி விதையும் தனித்தனிப் பொட்டலங்களாக இருக்கின்றனவாம். அவற்றை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளலாம் என்றோம், தக்காளியில் ஒரு பொட்டலம் எங்களுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.