கரிசல் களம் – 7: பாடிப் போகிறவனின் முழங்கால்

குதிரைவாலியும் உளுந்தும் வீடு வந்து சேர்ந்துவிட்டால், திருச்சுழி வட்டாரத்து மானாவாரி நிலத்துக்கு அடுத்த மழை வரை வேலை இல்லை. அந்த மாதங்களில்தான் கபடிக்காரர்களுக்கு வேலை. பங்குனி, சித்திரைப் பொங்கல் சாட்டும் ஊர்களில் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று ஃபிளெக்ஸ் ஏறும். முதல் பரிசு இவ்வளவு, உபயம் இன்னார், சுழற்கோப்பை வழங்குபவர் இன்னார். சிறந்த ரைடருக்குத் தனிப் பரிசும் உண்டு. கோடைக் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் விழுந்தால் தோல் மிஞ்சாது. எனவே செம்மண் அடித்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து இறுக்கித்தான் களம் போடுவார்கள்.

போட்டிக்குச் சனம் வருவது முக்கியமாகப் பாடிப் போகிறவனை, அதாவது ரைடரைப் பார்க்க. பிடிக்கிறவன் நன்றாகப் பிடித்தால் கைதட்டல் கிடைக்கும்; பாடிப் போகிறவன் பெயரைத்தான் மைக்காரர் ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். 13 மீட்டருக்கு 10 மீட்டர் ஆடுகளம். அதில் பாதியில் ஏழு பேர் காத்திருக்க, இவன் ஒருவனாக உள்ளே போய், 30 விநாடிக்குள் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். கார்னரில் நிற்பவன் கணுக்காலைக் குறிவைப்பான். பக்கத்திலிருந்து இருவர் கைகோத்துச் சங்கிலி போடுவார்கள். அகப்பட்டால் ஐந்தாறு பேரின் எடை மேலே விழும். ஆட்டத்துக்குப் பதினைந்து, இருபது தடவை இதற்குள் போய் வர வேண்டும்.

உலகத்தில் இதற்கு ஒப்பான இன்னொரு பிழைப்பு உண்டென்றால், அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் பார்க்கும் வேலைதான். பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன்னை வீழ்த்தவே நிற்கும் ஆட்களுக்குள் புகுந்து ஓட வேண்டும். அவனும் இளவயதில் உச்சிக்குப் போகிறான், முப்பதுக்குள் தேய்கிறான். லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியின் டாட் கர்லிக்கு 2018இல் நான்கு ஆண்டு நீட்டிப்பாக 5.75 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. முழங்கால் மக்கர் செய்தது. 2020 மார்ச்சில் அதே அணி அவரை விடுவித்தது. அப்போது அவருக்கு வயது 25. டெட்ராய்ட்டின் பேரி சாண்டர்ஸ் வேறு ரகம்: பத்தே பருவங்களில் 15,269 யார்டு ஓடிவிட்டு, சாதனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோதே 1999இல் போதும் என்று விலகிக்கொண்டார். எல்லாருக்கும் அப்படி மனசு வராது, வசதியும் இருக்காது.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 2014இல் புரோ கபடி தொடங்கிய பிறகு ரைடருக்கும் ஏல விலை என்று ஒன்று வந்தது. 2022இல் பவன் ஷெராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அக்டோபரில் குஜராத்துடன் முதல் ஆட்டம். அதிலேயே பவனின் முழங்கால் போனது. அந்தப் பருவம் முழுக்க அவர் திரும்பவில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவர் அடிபட்டது பாடிப் போனபோது அல்ல, எதிரணியிலிருந்து பாடி வந்த தமிழ்நாட்டுக்காரர் சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போனபோது. மறு ஆண்டு அவர் எழுந்து வந்து, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணித் தலைவராகத் தங்கம் வாங்கினார். தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்தது. 2025 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரைத் திரும்ப எடுத்த விலை 59.5 லட்சம். வெள்ளாமை விலைகூட இரண்டு வருஷத்தில் இப்படி விழுவது அபூர்வம்.

பர்தீப் நர்வாலின் முடிவு இதைவிடக் கடுமை. பிடிக்க நீளும் கைகளுக்கு அடியில் குனிந்து வழுக்கி வெளியே வரும் ‘டுப்கி’யை நாடு முழுக்கப் பையன்கள் பழகியது அவரைப் பார்த்துத்தான். பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்று கோப்பை. 2017 பருவத்தில் மட்டும் 369 ரைடு புள்ளி. ஒரே ரைடில் எட்டுப் புள்ளி எடுத்த நாளும் உண்டு. 2021இல் 1.65 கோடிக்குப் போனவரை 2025 ஏலத்தில் கேட்க ஆளில்லை. அதோடு ஓய்வை அறிவித்துவிட்டார். புரோ கபடியில் அவர் சேர்த்த ரைடு புள்ளிகள் 1,800க்கு மேல்.

செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடிய பையன் ‘மேட்’ விரிப்புக்குப் போகும்போது முழங்காலுக்கு வேறொரு சோதனையும் வருகிறது. மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கும், திரும்பும் உடம்போடு சேர்ந்து திரும்பும். விரிப்பில் ஷூ கவ்விக்கொள்கிறது. பாதம் நிற்க, உடம்பு மட்டும் திருகுகிறது. அந்தத் திருகலைத் தாங்க முழங்காலுக்குள் இருப்பது விரல் பருமன் சவ்வு. கிழிந்தால் அறுவை சிகிச்சை, பிறகு பழைய வேகத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வருஷம். கூலிக்குப் போகிற வீட்டில் ஒரு வருஷம் பையனை உட்கார வைத்துச் சோறு போடுவது லேசான காரியமல்ல.

முந்தைய தலைமுறை இதற்கு வேறொரு கணக்கு வைத்திருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து எட்டயபுரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை தூத்துக்குடியில் முடிகிறது. அந்த மாவட்டத்து மணத்தி கிராமத்திலிருந்து போனவர்தான் பி.கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய கபடி அணியில் இருந்தவர், 1995இல் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவிய மாரி செல்வராஜின் ‘பைசன்’ படம் 2025இல் வந்தபோது இந்தப் பக்கத்து இளவட்டங்கள் அவர் பெயரைப் புதிதாகக் கேட்டன. அவர் காலத்தில் ஏலம் கிடையாது. ரயில்வே, போலீஸ், மின்வாரியம், மில் அணி என்று எங்காவது ஆட்டத்தைக் காட்டி ஒரு வேலையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பதுதான் அந்தத் தலைமுறை கபடிக்காரர்களின் கணக்கு. முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் வரும்.

கோடி ரூபாய் ஏலம் வந்த பிறகும் திருச்சுழிப் பக்கத்துத் தகப்பன்மார் அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர்கள் நினைப்பது சரி என்றே படுகிறது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் பொங்கல் போட்டியில் வாங்கிய கோப்பைக்கு அங்கே மதிப்பில்லை; அங்கீகரித்த போட்டிகளின் சான்றிதழ் வேண்டும். அதற்கு மாவட்ட அணிக்குள் நுழைந்து, மாநில அணிக்கு ஏறி, தேசியப் போட்டி வரை போக வேண்டும். பதினாறு வயதில் ராத்திரிக்கு நாலு ஆட்டம் என்று ஊர் ஊராகப் பாடித் திரிகிறவன் அந்தத் தேர்வு நாளுக்குப் பெரும்பாலும் காலைக் கட்டிக்கொண்டுதான் வந்து நிற்கிறான்.

(தொடரும்)