கோரேகாவ் தூணும் மாதுங்கா மேஜரும்

புத்தாண்டு பிறக்கும் இரவு. மெரீன் டிரைவில் கூட்டம் நெரியும். பாந்திராவில் ஆட்டமும் பாட்டமும் விடிய விடிய நடக்கும்.

அதே இரவில் தாராவி, செம்பூர், வொர்லி பக்கத்து மராத்தியக் குடியிருப்புகளில் வேறு ஒரு பரபரப்பு. நீலக் கொடி கட்டிய வேன்கள் தெருமுனையில் நிற்கும். பெண்கள் சப்பாத்தியும் சட்னியும் துணியில் முடிந்து கொள்வார்கள். குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் மாட்டுவார்கள். புனே போகும் வண்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது.

எங்கே இந்தப் பயணம்? கோரேகாவுக்கு.

மேற்கு ரெயில்வேயில் மலாடுக்கு முன்னால் வருகிற கோரேகாவ் என்று எண்ணிவிட வேண்டாம். இது பீமா கோரேகாவ். புனேயில் இருந்து அகமதுநகர் செல்லும் சாலையில் சுமார் 30 கிலோ மீட்டர் போனால் பீமா ஆறு வரும். ஆற்றின் இக்கரையில், பெர்ணே என்ற ஊரின் எல்லையில், ஓர் உயரமான கல்தூண் நிற்கிறது. ஜனவரி 1-ந் தேதி அந்தத் தூணைப் பார்க்கத்தான் லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள்.

சம்பளம் இல்லாத சிப்பாய்கள்

அன்று தூணுக்குப் பூ அலங்காரம் உண்டு. அதைச் சுற்றிச் சீருடையில் அணி வகுத்து நிற்பவர்கள் ராணுவத்தார் அல்ல. "சமதா சைனிக் தள்" தொண்டர்கள். டாக்டர் அம்பேத்கர் 1920-களில் தொடங்கிய தொண்டர் படை அது. அதில் இருப்பவர்கள் காலேஜில் படிக்கும் பிள்ளைகள், ஆபீஸ் போகிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பஸ் செலவும் கைக்காசுதான்.

அவர்களோடு மகார் ரெஜிமெண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பழைய ராணுவத்தாரும் வருகிறார்கள். பெட்டியில் வைத்திருந்த பதக்கங்களை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு, நரைத்த மீசையோடு, நடை தவறாமல் வந்து தூணுக்கு சல்யூட் அடிக்கிறார்கள். இந்தக் காட்சியைப் பார்க்கவே பாதிக் கூட்டம் முண்டியடிக்கும்.

சாலை ஓரம் நெடுகிலும் கடைகள். மராத்திப் புத்தகங்கள், காலண்டர்கள், அம்பேத்கர் படங்கள், கையடக்கத் தூண் பொம்மைகள். குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, கல்லில் உள்ள பெயர்களை விரலால் காட்டுகிற தகப்பன்மாரைப் பார்க்கலாம். பலருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதற்கென்ன? மராத்தியிலும் வெட்டியிருக்கிறார்கள்.

தண்ணீருக்குத் தவித்த நாள்

அங்கே என்னதான் நடந்தது?

1817 டிசம்பர் 31-ந் தேதி இரவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறு படை ஒன்று சிரூரில் இருந்து புனேயை நோக்கி நடந்தது. தலைவன் கேப்டன் ஸ்டாண்டன். மொத்தம் 834 பேர். பம்பாய் காலாட்படையினர் சுமார் 500 பேர். மீதி, குதிரைக்காரர்களும் பீரங்கிக்காரர்களும். விடியும்போது எதிரே பார்த்தால் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் சேனை! அது 28,000 பேர் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் ஆற்றைக் கடந்து வந்து மோதியவர்கள் 2,000 பேர் அளவில்தான் இருக்கும். மேடைப் பேச்சில் இந்த இரண்டாவது கணக்கை யாரும் சொல்வதில்லை.

1818 ஜனவரி 1. இரவெல்லாம் நடந்து வந்த களைப்பு. வயிற்றில் சோறு இல்லை. ஆறு கண்ணெதிரே ஓடியும் தண்ணீர் மொள்ள வழி இல்லை. அப்படியே பகல் முழுவதும், இருட்டிய பிறகும், தெருவுக்குத் தெரு சண்டை. கம்பெனிப் படையில் 275 பேர் செத்தும், காயம்பட்டும், காணாமலும் போனார்கள். இரவோடு தாக்குதல் நின்றது. ஸ்டாண்டன் புனேக்குப் போகவில்லை. வந்த வழியே சிரூருக்குத் திரும்பிவிட்டான். ஆகவே இதை முழு வெற்றி என்று சொல்லக் கூடாது என்பாரும் உண்டு. கம்பெனி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1821-ல் அஸ்திவாரம் போட்டு வெற்றித் தூணே எழுப்பிவிட்டது.

இதில் நம்மவர் கவனிக்க ஒரு சங்கதி உண்டு. அன்று கம்பெனியிடம் இருந்த இரண்டு பீரங்கிகளும் மதராஸ் பீரங்கிப் படைக்குச் சொந்தமானவை. அவற்றை இயக்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இரண்டு டஜன் பேர். அவர்களில் பெரும்பாலோர் அன்று செத்தார்கள், அல்லது காயம்பட்டார்கள்.

கல்லில் எழுதிய சர்வீஸ் புத்தகம்

தூணில் 49 பெயர்கள் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் 22 பெயர்கள் "நாக்" என்று முடிகின்றன. அந்தக் காலத்தில் மகார்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட விகுதி அது. மராட்டியர், ராஜபுத்திரர், முஸ்லிம், யூதர் பெயர்களும் அதே கல்லில் உண்டு.

மகார்கள் யார்? ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். பேஷ்வா ஆட்சியில் அவர்கள் பட்ட இழிவு சொல்லி மாளாது. அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கி கொடுத்து, சம்பளம் கொடுத்து, பெயரைக் கல்லிலும் வெட்டினால் என்ன ஆகும்? அவன் பேரன் அதை மறக்க மாட்டான்.

கம்பெனி சண்டை போட்டது நாட்டைப் பிடிக்க. சிப்பாய் சண்டை போட்டது சம்பளத்துக்கு. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கல்லைப் பின்னால் வந்தவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் விஷயம்.

1890-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரனுக்குப் புதிய ஞானம் பிறந்தது. போர் செய்யப் பிறந்த சாதி என்று சில, பிறக்காத சாதி என்று சில. இரண்டாவது பட்டியலில் போட்டு, மகார்களை ராணுவத்தில் சேர்ப்பதை நிறுத்தினான். குடும்பம் குடும்பமாகப் பிழைப்புப் போயிற்று. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அவர் வீட்டுக்கே அது பெரிய அடி.

அதன் பிறகு மனுவுக்கு மேல் மனு. கோபால் பாபா வலங்கர் 1894-ல் எழுதினார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910-ல் இந்தியா மந்திரிக்கே எழுதினார். எங்கள் பாட்டன்மார் உங்களுக்காகச் செத்தார்களே என்பதுதான் மனுக்களின் சாரம். ஆபீசில் சர்வீஸ் புத்தகம் தொலைந்துபோன குமாஸ்தாவுக்குத் தெரியும், எழுத்தில் இருக்கும் ஒரு வரியின் மதிப்பு. இந்த மனுதாரர்களின் சர்வீஸ் புத்தகம் அந்தக் கல்.

முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 111-வது மகார் படை அமைந்தது. போர் முடிந்ததும் கலைத்துவிட்டார்கள். 1927 ஜனவரி 1-ந் தேதி அம்பேத்கர் கோரேகாவ் தூணுக்கு வந்தார். இன்று கூடும் கூட்டத்துக்கு விதை அன்று விழுந்தது. விடாமல் போராடி, 1941-ல் மகார் ரெஜிமெண்ட் உருவாகும்வரை அவர் ஓயவில்லை. அந்த ரெஜிமெண்டின் தொப்பிச் சின்னத்தில் முதலில் இந்தத் தூணே இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டுக் கத்தியைப் போட்டார்கள். சின்னத்தில் இருந்து தூண் போனாலும், தொண்டர்கள் மனதில் இருந்து போகவில்லை.

தமிழ்நாட்டாருக்கும் இதே கதைதான். "போர்ச் சாதி" கணக்கில் மதராஸ் காலாட்படைகளும் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில்தான் மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடியும் எழுந்தது.

நம்ம மாதுங்கா பையன்

மகார் ரெஜிமெண்டில் இப்போது எல்லாச் சாதியாரும், எல்லா மாநிலத்தாரும் இருக்கிறார்கள். ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்த தமிழர். அவர் சேர்ந்தது இந்த ரெஜிமெண்டில்தான்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரனோ மும்பைத் தமிழர். 1946-ல் இங்கே பிறந்தார். மாதுங்காவில் எஸ்.ஐ.இ.எஸ். பள்ளி, அப்புறம் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரி. 1972-ல் மகார் ரெஜிமெண்டில் அதிகாரியானார். 1987 நவம்பர் 25-ந் தேதி இலங்கையில், இந்திய அமைதிப் படையில் இருந்தபோது, இரவில் மறைந்திருந்து தாக்கியவர்களோடு நடந்த சண்டையில் மார்பில் குண்டு பாய்ந்து உயிர் விட்டார். அந்த இலங்கைப் போரைப் பற்றித் தமிழர் நெஞ்சில் ஆறாத மனத்தாங்கல் உண்டு. அது வேறு கணக்கு. அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. இலங்கை சென்ற அமைதிப் படையில் அந்த விருது பெற்றவர் அவர் ஒருவர்தான்.

மாதுங்கா மார்க்கெட்டில் காய்கறி வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

கலவரத்துக்குப் பிறகு

2018 ஜனவரி 1. போர் நடந்து 200 ஆண்டு நிறைவு. அன்று கோரேகாவில் கல் வீச்சு, தீ வைப்பு. ஒரு வாலிபர் உயிர் இழந்தார். அடுத்த நாட்களில் மும்பையிலும் ரெயில் மறியல் நடந்தது. துறைமுகப் பாதையில் வண்டிகள் நின்றதைச் செம்பூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜனங்கள் இனி பயந்து போக மாட்டார்கள் என்றுதான் பலரும் எண்ணினார்கள். மறு வருஷம் கூட்டம் குறையவில்லை. போலீஸ் மட்டும் பல மடங்கு கூடியது.

அன்று சிப்பாய்கள் தண்ணீர் இல்லாமல் தவித்த இடத்தில் இன்று தொண்டர்கள் தண்ணீர் கொடுக்கிறார்கள். வழி தவறிய குழந்தைகளைத் தேடிப் பிடித்துத் தாயிடம் சேர்க்கிறார்கள். வயதானவர்களைக் கையைப் பிடித்து வரிசையில் விடுகிறார்கள். இருட்டிய பிறகு சீருடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ்சுக்கு நிற்கிறார்கள். 2-ந் தேதி காலை ஆபீஸ் உண்டே!