மாணவர் உடல்நலமும் பள்ளி மருத்துவ ஆய்வும்

கற்கப் புகும் பிள்ளைக்கு நூல் வேண்டும். கற்பிக்க நல்லாசிரியர் வேண்டும். அமர்ந்து படிக்க இடம் வேண்டும். இவை யாவும் குறைவற அமைந்திருந்தும், கரும்பலகையின் எழுத்து கண்ணுக்குப் புலப்படவில்லை என்றால், ஆசிரியரின் குரல் செவியில் தெளிவாக விழவில்லை என்றால், பல்வலியால் இரவெல்லாம் உறக்கம் இல்லை என்றால், அப்பிள்ளை எதனைக் கற்கும்? ‘மந்தமான மாணவன்’ என்று நாம் ஒதுக்கிவிடும் சிறுவனுக்குத் தேவைப்படுவது சில வேளைகளில் அறிவுரை அன்று, ஒரு மூக்குக்கண்ணாடியே. இவ்வுண்மையை உணர்ந்த நாடுகள், பள்ளிப் பிள்ளைகளைக் குறித்த காலங்களில் மருத்துவரும் பல் மருத்துவரும் ஆய்ந்து பார்க்க வேண்டும் என்று சட்டம் வகுத்துள்ளன. அவ்வாய்வு எவ்வாறு தோன்றியது, எங்கெங்கு எவ்வாறு நடைபெறுகிறது, நம் நாட்டில் அதன் நிலை என்ன, அது பயன் தர நாம் செய்ய வேண்டியது யாது என்பவற்றை இக்கட்டுரை சுருங்க விளக்க முற்படுகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

பள்ளி மருத்துவ ஆய்வு இங்கிலாந்தில் வேரூன்றியதற்கு ஒரு போர் காரணமாயிற்று. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர்ப் போருக்குப் படைவீரராகச் சேர வந்த இளைஞர் பலர், உடல் தகுதி இன்மையால் திருப்பி அனுப்பப்பட்டனர். நாடே திகைத்தது. இக்குறையை ஆராய்ந்த குழு 1904ஆம் ஆண்டு தன் அறிக்கையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ ஆய்வு வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டம், தொடக்கப் பள்ளியில் சேரும் பிள்ளைகளை மருத்துவர் ஆய்வதைக் கல்வி அதிகாரிகளின் கடமையாக்கியது. படைக்கு ஆள் தேடிய கவலையில் பிறந்த திட்டம், பிள்ளைகளின் நலம் காக்கும் திட்டமாக வளர்ந்தது.

பல்லைப் பொறுத்தவரை, அப்போது செருமனியின் ஆட்சியில் இருந்த சுட்ராசுபர்க் நகரில் 1902ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கெனப் பல் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. நியூசிலாந்து நாடு 1921 முதல் இளம்பெண்களுக்குப் பயிற்சி அளித்துப் பள்ளிகளிலேயே பல் மருத்துவச் செவிலியராக அமர்த்தியது. சொத்தைப் பல்லை அடைப்பதை அவர்களே செய்தனர்.

நம் நாட்டில் பள்ளி மாணவர்க்கான முதல் மருத்துவ ஆய்வு 1909ஆம் ஆண்டு பரோடா நகரில் நடைபெற்றது. எனினும் 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் பள்ளி நலப்பணி என்பது ஏறத்தாழ இல்லை என்றே கூற நேர்ந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தும் விதை முளைக்கவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்க நாட்டில் இதற்கு ஒரே சட்டம் இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். பென்சில்வேனியா மாநிலத்தில் மாணவன் பள்ளியில் முதன்முதலாகச் சேரும்போதும், ஆறாம் வகுப்பிலும், பதினோராம் வகுப்பிலும் மருத்துவ ஆய்வு நடைபெற வேண்டும். சேரும்போதும், மூன்றாம் வகுப்பிலும், ஏழாம் வகுப்பிலும் பல் ஆய்வு நடைபெற வேண்டும். குடும்ப மருத்துவரிடம் காட்டிச் சான்று பெறலாம். இயலாதோரின் பிள்ளைகளைப் பள்ளிக்கென அமர்த்தப்பட்ட மருத்துவரே ஆய்வார்.

இல்லினாய் மாநிலத்தில் மழலையர் வகுப்பில் அல்லது முதல் வகுப்பில் சேரும்போதும், ஆறாம், ஒன்பதாம் வகுப்புகளிலும் மருத்துவச் சான்று தரவேண்டும். அக்டோபர் 15ஆம் நாளுக்குள் அதனைத் தராத மாணவன், தரும் வரையில் வகுப்புக்கு வர இயலாது. பல் ஆய்வுக்கு அத்துணைக் கடுமை இல்லை. மழலையர் வகுப்பு, இரண்டு, ஆறு, ஒன்பது ஆகிய வகுப்பு மாணவர் மே 15ஆம் நாளுக்குள் பல் மருத்துவரின் சான்று தரவேண்டும். தவறினால் மதிப்பெண் அறிக்கையைப் பள்ளி நிறுத்தி வைக்கலாம். பல் மருத்துவரை அணுக வழியில்லாத குடும்பத்தார் அதனைத் தெரிவித்து விலக்குப் பெறவும் இடமுண்டு.

சப்பான் நாட்டின் முறை வேறு. அங்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, ஆண்டுதோறும் சூன் 30ஆம் நாளுக்குள் பள்ளியே ஆய்வை நடத்தி முடிக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் மருத்துவரும் பல் மருத்துவரும் மருந்தாளுநரும் உரிமையாக்கப்பட்டுள்ளனர். முன்னைய முறையில் பெற்றோர் மருத்துவரைத் தேடிச் செல்கின்றனர். சப்பானிய முறையில் மருத்துவர் பிள்ளையைத் தேடி வருகிறார். ஏழைப் பிள்ளைக்கு எம்முறை ஏற்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

ஏன் இந்த வகுப்புகள்?

இரண்டு, ஆறு, ஒன்பது என வகுப்புகளைக் குறித்திருப்பது பல்லின் வளர்ச்சியோடு பொருந்தி நிற்கிறது. குழந்தைக்குப் பாற்பற்கள் இருபது. ஆறு வயதளவில், அவற்றுக்குப் பின்னால், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, நிலையான முதற் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பல் விழாமல் முளைப்பதால் பெற்றோர் அதனையும் பாற்பல் என்றே எண்ணி, ‘விழப்போகும் பல்தானே’ என்று விட்டுவிடுகின்றனர். விழுந்தால் மீண்டும் முளைக்காத பல் அது. இரண்டாம் வகுப்பு மாணவனுக்கு வயது ஏழு. அப்பல் முளைத்துச் சிறிது காலமே ஆகியிருக்கும். பன்னிரண்டு வயதளவில் இரண்டாம் கடைவாய்ப்பல் வருகிறது. அது ஆறாம், ஏழாம் வகுப்புப் பருவம். ஒன்பதாம் வகுப்பில் அறிவுப்பல் நீங்கலாக ஏனையவை பெரும்பாலும் அமைந்துவிடுகின்றன.

சொத்தை உண்டாகும் முறையும் அறியத்தக்கது. வாயில் வாழும் நுண்ணுயிர்கள், நாம் உண்ணும் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. எனாமலுக்கு உணர்வு இல்லை. ஆதலின் தொடக்கத்தில் வலியும் இல்லை. அரிப்பு உள்ளே இறங்கிய பின்னரே வலி தோன்றும். வலி வந்த பின் மருத்துவரிடம் செல்வோம் என்று காத்திருப்பது, கூரை இடிந்த பின் தூண் தேடுவதை ஒக்கும். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய நம் முன்னோர், மிட்டாயும் குளிர்பானமும் அறியாதவர். இன்றைய பிள்ளையின் பள்ளி வாயிலிலேயே அவை விற்கப்படுகின்றன.

ஓர் ஆய்வு காட்டும் உண்மைகள்

ஆறு மீட்டர் தொலைவில் எழுத்து அட்டையைத் தொங்கவிட்டுப் படிக்கச் செய்தால் பார்வைக் குறை வெளிப்பட்டுவிடும். பிறவியிலிருந்தே மங்கலாகக் காணும் பிள்ளை, உலகம் எல்லார்க்கும் அவ்வாறே தோன்றுவதாக எண்ணுகிறது. ஆகவே தானாக முறையிடுவதில்லை. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல், இதயத்தின் அடைப்பிதழ்களைக் கெடுக்க வல்லது. செவிநோக்கியை நெஞ்சில் வைத்துக் கேட்கும் மருத்துவர் அதன் ஓசையை அறிந்துகொண்டால், குறித்த கால இடைவெளியில் பென்சிலின் ஊசி போட்டு மேலும் கேடு நேராமல் காக்கலாம். இமையின் உட்புறம் வெளுத்திருப்பது இரத்தசோகையைக் காட்டும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்கு உட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர். தேர்வில் சோர்ந்து விழும் மாணவியை அச்சம் கொண்டவள் என்று சொல்லுமுன் இவ்வெண்ணை நினைத்தல் நன்று.

ஒரு பிள்ளையை ஆய்ந்தால் அப்பிள்ளையின் நோய் தெரியும்; ஒரு வகுப்பை ஆய்ந்தால் ஊரின் நோயே தெரியும். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் பிள்ளைகள் பலரின் பற்களில் படிந்த பழுப்புக் கறை, துலக்காமையால் வந்தது அன்று. நிலத்தடி நீரில் மிகுந்த புளூரைடால் வந்தது. எனாமல் உருவாகும் சிறு வயதில் குடித்த நீரே அக்கறைக்குக் காரணம். குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது வரம்பு. இம்மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்டது. பிள்ளையின் பல் ஒரு கிணற்றின் வரலாற்றைச் சொல்லும்.

நம் நாட்டின் இன்றைய ஏற்பாடு

2013ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு தொடங்கிய ‘ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்கிரம்’ என்னும் தேசியச் சிறார் நலத்திட்டம், பிறப்பு முதல் பதினெட்டு வயது வரையுள்ள சிறாரை உள்ளடக்கியது. பிறவிக் குறைகள், ஊட்டச்சத்துக் குறைகள், நோய்கள், வளர்ச்சித் தாமதங்கள் என நால்வகையில் முப்பது நிலைகள் ஆயப்படுகின்றன. பற்சொத்தையும் அவற்றுள் ஒன்று. அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்க்கு ஆண்டுக்கு ஒருமுறையும் ஆய்வு நடைபெற வேண்டும். நடமாடும் குழுவில் ஆண் மருத்துவர் ஒருவரும் பெண் மருத்துவர் ஒருவரும், செவிலியரும் மருந்தாளுநரும் இடம்பெற வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. குறை கண்டால் மேல் மருத்துவமனைக்கு அனுப்பிக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிப்பதும் திட்டத்தின் பகுதியே.

ஒன்று கவனிக்கத்தக்கது. உதவி பெறாத தனியார் பள்ளிகள் இதன் எல்லைக்குள் வருவதில்லை. நம் ஊர்களில் பெரியோர் பலர் பொருள் திரட்டி நடத்தும் மழலையர் பள்ளிகளும் மெட்ரிகுலேசன் பள்ளிகளும் பெரும்பாலும் இவ்வகையின. அங்குப் படிக்கும் பிள்ளைகளை ஆய்ந்து பார்க்கும் பொறுப்பு, அப்பள்ளிகளை நடத்துவோரையே சாரும்.

அலமாரிக்குள் இருந்த அட்டை

நான் ஐந்தாம் வகுப்பில் பயின்றபோது எங்கள் பள்ளிக்கு மருத்துவர் ஒருவர் வந்தார். வரிசையில் நின்றோம். வாயைத் திறக்கச் சொன்னார்; பார்த்தார்; ஓர் அட்டையில் எழுதினார்; ‘அடுத்து’ என்றார். இரண்டாண்டுகள் கழித்து என் தாடை வீங்கிக் காய்ச்சல் கண்டது. நகரத்து மருத்துவமனையில் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினர். பள்ளியை விட்டு நீங்கும்போது மாற்றுச் சான்றிதழோடு அவ்வட்டையும் கைக்கு வந்தது. ‘வலக் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை, சிகிச்சைக்கு அனுப்புக’ என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எழுதியவர் தம் கடமையைச் செய்தார். அட்டை அலமாரிக்குள் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத என் தாயாரிடம் ஒரு சொல் சொல்வார் இல்லை. வாழ்நாளெல்லாம் பயன்பட வேண்டிய பல், பன்னிரண்டு வயதில் போயிற்று.

இஃது என் ஒருவன் குறை அன்று. நியூயார்க் நகரில் 1902ஆம் ஆண்டில் தொற்றுநோய் கண்ட மாணவரை மருத்துவர்கள் வீட்டுக்கு அனுப்பினர். வீட்டில் சிகிச்சை அளிப்பார் இல்லை. பிள்ளைகள் தெருவில் அதே தோழரோடு விளையாடினர். லில்லியன் வால்டு என்னும் அம்மையார், லினா ரோஜர்சு என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அவர் பள்ளியில் புண்ணைக் கழுவி மருந்திட்டார். வீடு தேடிச் சென்று தாய்மார்க்கு எடுத்துரைத்தார். பள்ளியை விட்டு நிறுத்தப்படுவோர் தொகை பெரிதும் குறைந்தது. நோயைக் கண்டறிதல் பாதி வேலை. மறுபாதி, கண்டதைத் தீர்க்க உடன் செல்லுதல்.

நாம் செய்யத்தக்கன

முதலாவது, ஆண்டுத் தொடக்கத்திலேயே ஆய்வு நாளைக் குறித்துப் பெற்றோரை அன்று வரவழைத்தல் வேண்டும். இரண்டாவது, முடிவைப் பெற்றோர்க்கு எளிய தமிழில் வாய்மொழியாகவும் சொல்லுதல் வேண்டும். மூன்றாவது, மேற்சிகிச்சைக்கு உரியோர் பட்டியலை ஓர் ஆசிரியர் பொறுப்பேற்று, மூன்று திங்களுக்குப் பின் ‘சென்றாரா, குணமாயிற்றா’ எனச் சரிபார்த்தல் வேண்டும். நான்காவது, மாணவியரைப் பெண் மருத்துவர் மறைவிடத்தில் ஆய்தல் வேண்டும். எவர் குறையையும் வகுப்பில் உரக்கப் படித்தல் ஆகாது. ஐந்தாவது, சான்று தரவில்லை என்பதற்காக ஏழைப் பிள்ளையைப் பள்ளியினின்றும் நிறுத்தலாகாது; நோயினும் கொடிது அத்தண்டனை. வசதியுள்ள பெரியோர் ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் கண்ணாடிச் செலவையோ பல் சிகிச்சைச் செலவையோ ஏற்பாராயின், அது நிலைத்த அறமாகும்.

நிறைவாக

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயுற்றவன், அதனைத் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து செய்பவன். பள்ளியில் நோயுற்ற பிள்ளை இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவர் வருகிறார். மருந்தும் மருத்துவமனையில் உண்டு. குறைவது நான்காமவரே. அட்டையை அலமாரியினின்றும் எடுத்துப் பெற்றோர் கையில் கொடுத்து, உரிய இடம் வரை உடன் செல்லும் அந்நான்காமவர் ஆசிரியராக இருக்கலாம். ஊர்ப் பெரியவராக இருக்கலாம். இம்மலரைப் படிக்கும் கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். அவ்விடத்தை நிரப்ப நாம் முன்வருவோமாக!